பாசி மறைத்திருந்த சுவர்

யுத்த காலத்தில் இடம்பெயர்ந்திருந்து பள்ளிமுனைக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டு முன்சுவர் முழுக்கப் பாசி. கோயில் திருநாளுக்கு முன் கழுவ நினைத்தேன்.

“கம்பிப் பிரஷ் போடாதை, சுண்ணாம்பு உரிஞ்சு போகும். தேங்காய்த் தும்பால மெல்லமா உரஞ்சு,” என்றார் கணவர்.

கைக்குழந்தையை முழுகவார்ப்பதுபோல் கழுவினேன். பாசி போனதும், நாங்கள் இல்லாத நாளில் யாரோ எழுதிய போராளி இயக்கச் சுலோகம் சிவப்பாகத் தெரிந்தது. அழிப்பதற்குள் ரோந்து வந்த ஆமிக்காரர் வாசலில் நின்றார்கள்.

“நாங்கள் எழுதேல்லை, ஐயா,” என்றார் கணவர்.

“அப்ப ஏன் கழுவித் துலக்கினது?”

அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை.

எழுத்தைச் சுண்ணாம்போடு சுரண்டி எறிந்தேன். பிறகு படர்ந்த பாசியை நான் தொட்டதேயில்லை. ‘சுவரைக் கழுவக்கூடாதோ?’ என்று கேட்பவர்கள், அவர் இடக்கையால் சோறு தின்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.