தலையைத் தூக்காதீங்க

1. முதல் நாள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பெற்றோர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டைவ் அடிப்பது எப்படி என்று காட்டப் போனேன். கைக்கு முன்னால் வயிறு தண்ணீரில் விழுந்தது. சத்தம் வாசல் வரை கேட்டதாம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "இவருதான் கோச்சா, இல்ல கோச் இனிமேதான் வர்றாரா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து இருபது வருடம் கரையில் நின்றே சொல்லிக்கொடுத்தேன். விசிலும் ஸ்டாப்வாட்சும் இருந்தால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

2. செல்வராணி

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் செல்வராணி, தன் மகளைக் கோடை இலவச வகுப்புக்கு அழைத்து வருவார். வயது முப்பத்தாறு. ஒருநாள், "சார், லேடீஸ் பேட்ச்ல நானும் எறங்கட்டுமா?" என்றார்.

"நீச்சல் தெரியுமாம்மா?"

"எங்க ஊரு கழுவெளி ஏரில நீந்துவேங்க."

இறங்கினார். தலை முழுக்க மேலே. எதிர்க்கரையில் யாரையோ தேடிக்கொண்டு போகிறவர் மாதிரி இருந்தது. ஆனால் என் சீனியர் பையன்களைவிட வேகம். நல்ல கோச் என்றால் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் விசில் ஊதினேன்.

"தலையத் தூக்காதீங்க! இடுப்பு கீழ எறங்குது பாருங்க."

"தலைய உள்ள வெச்சா எங்க போறோம்னு எப்படி சார் தெரியும்?"

"தரையில கறுப்புக் கோடு இருக்குல்ல? அதப் பாத்துக்கிட்டே போங்க."

நான்கு மாதம் விடாமல் திருத்தினேன். தலை உள்ளே போனது, நேரமும் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களுக்கான இரண்டு கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டிக்கு அவர் பெயரை நானே எழுதிக்கொடுத்தேன். கடல் பயிற்சி? குளத்தில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடல் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். நான் ஒரு தடவைகூடக் கடலில் நீந்தியதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. போட்டி

உப்பளத்தில் அவரோடு வேலை பார்க்கும் பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வண்டி பிடித்து வந்திருந்தார்கள். முதல் நூறு மீட்டர் செல்வராணி இரண்டாவதாகப் போனார். "ஸ்ட்ரோக்கப் பாருங்க, எப்படி இருக்குது!" என்று அவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

எல்லோரும் வழிகாட்ட விட்டிருந்த ஆரஞ்சு மிதவையைப் பார்த்துப் போக, செல்வராணி மட்டும் தெற்கே திரும்பினார்.

"ஏன் சார், அவ மட்டும் அந்தாண்ட போறா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"அது ஒரு டெக்னிக்குங்க" என்றேன். வெட்கமே இல்லாமல்.

நீரோட்டம் இழுத்துக்கொண்டே போனது. பாதுகாப்புப் படகு அவரை நோக்கிக் கிளம்பியது. நீச்சல் தெரிந்த ஒரு பெண்ணை நான் கண்ணைக் கட்டிக் கடலுக்குள் அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

படகிலிருந்து ஏதோ கத்தினார்கள். செல்வராணி நின்றார். சுற்றிப் பார்த்தார். பிறகு தலையை முழுசாக மேலே தூக்கி, கழுவெளியில் போவது போலவே மிதவையை நோக்கிப் போனார். அப்போது அவர்தான் கடைசி. முடிக்கும்போது பதினோராவது.

துண்டை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்ன கோட்டத் தேடுனேன் சார்," என்றார், இருமிக்கொண்டே. "கெடைக்கல."

4. கற்றது

இப்போது யார் புதிதாக வந்தாலும் விசில் ஊதுவதற்கு முன், "ஏன் இப்படி நீந்துறீங்க?" என்று கேட்கிறேன். பாதிப் பேருக்கு நல்ல காரணம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வராணியோடு நானும் கடலில் இறங்கினேன். ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தால் வேகமும் குறையாது, வழியும் தப்பாது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். முதல் மாதம் நான் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கில்லை.

அடுத்த வருடம் அவர் இரண்டாவதாக வந்தார். நானும் என் வயதுப் பிரிவில் கலந்துகொண்டேன். கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் நேராக வந்தேன்.