விளக்கை மறைத்த பொட்டு

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. என் கணவர் தினமும் உப்பளக் கரை மேலேயே காரை ஓட்டிப் போவார். ஒருநாள் ஸ்டியரிங்குக்கு எதிரே ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. சறுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் கருவி வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்றேன்.

"உப்பளத்துல ஓடுற வண்டின்னா இப்படித்தான் இருக்கும். பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது" என்றவர், வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார்.

ஐப்பசி மழையில் அவரும் என் கொழுந்தனாரும் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். வழியில் மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் சக்கரங்கள் இறுகி, கார் வழுக்கிக்கொண்டே போய்ப் புளியமரத்தில் மோதியது. கொழுந்தனார் அங்கேயே இறந்துபோனார்.

நொறுங்கிய காரைப் பார்த்த மெக்கானிக், முன்சக்கரத்துக்கு உள்ளே உப்பு அரித்து அறுந்திருந்த சென்சார் ஒயரைக் காட்டினார். "இந்த ஒயர மாத்தியிருந்தா லைட்டு தானா அணைஞ்சிருக்கும்மா."

என் கணவர் இப்போது வண்டியைத் தொடுவதில்லை, பிறகு வாங்கிய காரை நான்தான் ஓட்டுகிறேன். சாவியைத் திருப்பியதும் எரியும் விளக்குகள் எல்லாம் அணையாமல் கிளம்பமாட்டேன். கொழுந்தனார் மனைவியின் வெறும் நெற்றியைத் தினமும் பார்க்கிறேன். ஸ்டிக்கர் பொட்டு வாங்க எனக்கு மனசு வரவில்லை.