பாய்லர்காரர் காதால் படித்த பாடம்

அந்த டிவிடியைக் கொடுத்தவனைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பாய்லர்காரருக்கு மூன்று வாரமாக ஆத்திரம். ஆனால் கொடுத்தது ஒரு கை. பயிற்சி மையத்தின் ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது, ரசீதை வாங்கியது, உறையை நீட்டியது, உள்ளே போய்விட்டது. கையிடம் போய் என்ன சண்டை போடுவது?

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் மூட்டை தூக்கச் சேர்ந்தவர். அங்கே நீராவி தரும் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, “ஒரு வாரத்துக்கு மட்டும் நீங்க பாத்துக்கங்க” என்றார்கள். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. மனைவி வீட்டார்கூட அவரைப் பாய்லர்காரர் என்றுதான் சொல்வார்கள், அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

இப்போது திடீரென்று மேலாளருக்கு ஞானோதயம் வந்துவிட்டது. “மாசக் கடைசிக்குள்ள பாய்லர் ஓட்ட லைசென்ஸ் வாங்கிடுங்க. இல்லன்னா துணி மடிக்கிற பக்கம் போயிடுங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது.” மடிக்கிற பக்கம் என்றால், மகள் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தலையணை உறையை நீவி விடுவது. பாய்லர்காரர் என்ற பெயரும் போய்விடும்.

தேர்வு வாய்மொழியாகத்தான். அதிகாரி கேட்பார், பதில் சொன்னால் போதும். பாடம் முழுக்க அந்த டிவிடியில், ஆறு மணி நேரம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே டிவி. மகளுக்கோ பள்ளி இறுதித் தேர்வு. டிவியின் பக்கம் கை போனாலே மனைவியின் பார்வை சுட்டது.

“பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம் சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க? சத்தத்தை மட்டும் பிரிச்சு காதுல மாட்டிக் கேளுங்க. பாக்குறதுக்கு அதுல என்ன இருக்கு, அந்த வாத்தியார் மூஞ்சிதானே?” என்று சொல்லி, மகளுடைய கட்டைவிரல் அளவு எம்பி3 பிளேயரை எடுத்துக் கொடுத்தாள்.

பிரித்துத் தரும் பொறுப்பு அவளுடைய தம்பி தலையில் விழுந்தது. போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவன். எப்போதோ செத்துப்போன ஒரு பிரிண்டரை எழுப்பிவிட்டான் என்பதற்காகக் குடும்பமே அவனைக் ‘கம்ப்யூட்டர்’ என்று கூப்பிடுகிறது. “அஞ்சு நிமிஷ வேலை மாமா” என்றான். அந்த ஐந்து நிமிஷத்தைப் பாய்லர்காரர் சாகிற வரைக்கும் மறக்க மாட்டார்.

முதல் தடவை டிவிடியில் இருந்ததை அப்படியே அள்ளிப் போட்டுக் கொடுத்தான். பிளேயர் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாய் திறந்தது, ஆனால் பாடம் வரவில்லை. டிவிடி போட்டதும் ‘எந்தப் பாடம் வேண்டும்’ என்று கேட்கும் பக்கத்தில் ஓடுகிற இசை இருக்கிறதே, அது மட்டும் வந்தது. இதோ முடியும், இதோ முடியும் என்று பொறுமையாக ஒரு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டு போய் இறங்கினார் மனிதர். மூன்றாம் தடவை நிஜமாகவே ஒருவர் பேசினார், இவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாத மொழியில். “அதுல மூணு மொழி இருக்கு மாமா, நான் என்ன கண்டேன்?” என்றான் கம்ப்யூட்டர், தப்பு டிவிடி மேல் என்பது போல.

நான்காம் தடவை தமிழ் வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

“இதைப் பாருங்க. இதைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதை மூடணும். மூடினா இதுல ஏறும், அதுல இறங்கும். ஏறலைன்னா ஆபத்து. புரிஞ்சுதா?”

“புரியலைய்யா!” என்று வாய்விட்டே கத்திவிட்டார். பக்கத்து இருக்கை அம்மாள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

இறங்கியதும் மைத்துனனுக்குப் போன் போட்டார். “அந்த ஆளு எதையோ தொட்டுத் தொட்டுக் காட்டுறான்டா! எதைக் காட்டுறான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க சத்தம்தானே மாமா கேட்டீங்க? வந்துச்சா இல்லையா?”

வந்ததுதான். போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

தேர்வுக்கு எட்டு நாள். பஸ்ஸில் கேட்டுப் பயனில்லை என்று, வெறுப்போடு பாய்லர் அறையில் காதில் மாட்டிக்கொண்டார். “இதைப் பாருங்க” என்றது குரல். எதை என்று திட்டுவதற்கு முன்பே அவர் கை தானாகப் போய் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயைத் தொட்டது. “இதை மூடணும்” என்றதும் கை கீழே இருந்த குழாய்த் திருகுக்குப் போனது. அட! பதினோரு வருஷமாகத் தினம் செய்கிற வேலை. பெயர்தான் தெரியாதே தவிர, அந்த வாத்தியார் எங்கே நிற்கிறார், எதைத் தொடுகிறார் என்று எல்லாம் தெரிந்தது. “இதைச் சொல்றதுக்கா இந்தப் பாடு படுத்தினே?” என்று குரலைத் திட்டிக்கொண்டே இரண்டு நாள் கேட்டார். மனம் நிறைந்துபோனது. தேறிவிடுவோம் என்றே நம்பினார்.

மூன்றாம் நாள் ஆறாவது பாடம். “மேல பாருங்க. அழுத்தம் எல்லை மீறினா ஆவியை வெளிய விடுற வால்வு இது. பக்கத்துல இதே மாதிரி இன்னொண்ணு, இது. ஒண்ணு மாட்டிக்கிட்டா மத்தது காப்பாத்தும்.”

ஏணியில் ஏறினார். முதல் ‘இது’ இருந்தது. இரண்டாவது ‘இது’வுக்குக் கை போன இடத்தில் ஒரு வட்டத் தகடு, நாலு போல்ட். எவனோ ஒரு காலத்தில் வால்வைக் கழற்றிவிட்டு ஓட்டையை மூடி வைத்திருக்கிறான். வருஷா வருஷம் அந்தத் தகட்டுக்கு வெள்ளி பெயின்ட் அடித்ததே இவர்தான்.

“வாரம் ஒரு தடவை இந்தப் பிடியைத் தூக்கிப் பாக்கணும்” என்றது குரல். இருந்த ஒரே வால்வின் பிடியைத் தூக்கினார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். துரு உதிர்ந்ததே ஒழிய பிடி இம்மியும் நகரவில்லை. இந்த வால்வு ஒருநாளும் சத்தம் போட்டதில்லை என்று நேற்று வரை மெச்சிக்கொண்டிருந்தவர். ஏணியிலிருந்து இறங்கினார். பயம், சுத்தமான பயம். நேராகப் போய், பாய்லருக்கு நெருப்பு தரும் பர்னரை அணைத்தார்.

பத்து நிமிஷத்தில் மேலாளர் ஓடி வந்தார். “ஆவி வரலைன்னு இஸ்திரி உருளை எல்லாம் நின்னு போச்சு! மூணு ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது! யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

சொன்னார். தகட்டைக் காட்டினார், பிடியைக் காட்டினார்.

“இத்தனை வருஷம் ஓடுச்சுல்ல? பத்த வைங்க. இல்லன்னா லைசென்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், இப்பவே மடிக்கிற பக்கம் போங்க.”

“போறேன் சார். அது இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. வெடிச்சா முதல்ல அந்தப் பிள்ளைங்கதான். உங்க ரூம் இதுக்கு நேர் மேல.”

மேலாளர் கூரையை அண்ணாந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “இன்னிக்கு ஒரு நாளாவது ஓட்டுங்களேன். நேத்து வரைக்கும் ஓட்டுனீங்கல்ல?”

“நேத்துன்னா ஓட்டியிருப்பேன் சார்” என்றார் பாய்லர்காரர். “இன்னிக்கு ஆறாவது பாடத்தைக் கேட்டுத் தொலைச்சுட்டேனே.”