ஆபா எடுத்து வைத்த எக்ஸ்ரே

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டு எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். இருமல், சளி என்று லீவு போட்டவளே கிடையாது. அதனால் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஒரு வாரம் கழித்து என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். "வலது நுரையீரல்ல ஒரு உருண்டை தெரியுது. வேலூர் போய்க் காட்டிடுங்க."

மாலைக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருத்தி டிபி என்றாள். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். என்னவென்று தெரிந்த பிறகு பயப்பட்டுக்கொள்ளலாம் என்பது என் சுபாவம்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு. உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. புற்று இல்லாத சாதுவான கட்டி மாதிரிதான் தெரியுது. உள்ள கொழுப்பும் தெரிஞ்சா உறுதியா சொல்லிடலாம், உங்களுக்கு அது தெளிவா இல்ல. ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டி வரும். அதுக்கு முன்னாடி, பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?"

இருந்தது. அதற்கு எட்டு வருடம் முன்பு ஸ்கூட்டியிலிருந்து விழுந்தபோது, விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. ஆனால் அதை நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுப் பரணிலேயே விட்டு வந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஊசிக்காக இல்லை, அந்த வீட்டுக்குப் போக வேண்டுமே என்று.

அந்த வீட்டுக்காரம்மாவை ஆபா என்றுதான் கூப்பிடுவோம், உருதுவில் அக்கா என்று அர்த்தம். தண்ணீர் மோட்டாரை யார் அதிக நேரம் ஓடவிட்டது என்று ஆரம்பித்த சண்டையில், தெருவே பார்க்க அவரைக் கண்டபடி பேசிவிட்டு, இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிக் காலி செய்தவள் நான். நான்கு வருடமாக எதிரில் பார்த்தாலும் பேச்சில்லை.

மறுநாள் காலை தனியாகப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா இப்படி மெலிஞ்சிட்டே? உள்ள வா."

விஷயத்தைச் சொன்னேன். பரணைச் சுத்தம் பண்ணியிருந்தால் எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்; அது கிடைக்கும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. ஆபா எழுந்துபோய் பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். மேலே என் பெயர்.

"நீ காலி பண்ணதும் பரணை ஒழிக்கும்போது கெடச்சிச்சி. ஆஸ்பத்திரி சமாச்சாரம், என்னிக்காவது தேவைப்படும்னு எடுத்து வெச்சேன். உங்கிட்ட குடுக்கலாம்னா, நீதான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போற."

"அன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டேன், ஆபா."

"நான் மட்டும் கம்மியாவா பேசினேன்? அதையே மனசுல வெச்சு பேஜார் பண்ணிக்காத. டாக்டர் இன்னா சொல்றாங்கன்னு வந்து சொல்லு."

டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதே இடத்தில், அதே அளவில் அந்த உருண்டை இருந்தது. அன்று எலும்பை மட்டும் பார்த்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

"எட்டு வருஷமா வளரவே இல்ல. ஹமார்டோமான்னு சொல்லுவோம். புற்றுநோய் இல்ல. இப்போ ஊசியும் வேணாம், ஆபரேஷனும் வேணாம். பெருசானா, இல்ல மூச்சுக்குத் தொந்தரவு குடுத்தா எடுத்துக்கலாம். அடுத்த வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

என் கணவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் வெளியே வந்து ஆபாவுக்கு போன் செய்தேன். புற்றுநோய் இல்லை என்று சொன்னேன். "சரி, ரெண்டு பேரும் நேரா சாப்பிட வாங்க" என்றார்.

அதன் பிறகு எடுத்த இரண்டு ஸ்கேனிலும் மாற்றமில்லை. லைனில் இன்றும் நான்தான் சத்தமாகப் பேசுகிறவள். ஆனால் ஒருவரை இனி ஆகாது என்று ஒதுக்கப் போகும்போது, என்னோடு பேசாத அந்த நான்கு வருடமும் எனக்காக ஒரு கவரைப் பத்திரமாக வைத்திருந்தவரை நினைத்துக்கொள்கிறேன். பாதி நேரம் என் கோபம் அதோடு அடங்கிவிடுகிறது.