மாமாவின் விசுவாசமும் என் ஸ்பேர் டயரும்

காலை 6.45, சிரம்பான். புறப்படும்போதே சண்டை. என் மனைவியின் அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, கோலா பிலாவுக்கு அப்பால் தாம் லாரி ஓட்டிய தோட்டத்து ஆலயத்தில் ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் போயே தீர வேண்டும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. அன்று சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரைக்குச் சிரம்பானில் டயாலிசிஸ். தவறினால் திங்கட்கிழமைக்கு முன் இடமில்லை என்று மையத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை உடம்பு தாங்காது.

நாற்பது பேருக்கான பிரியாணி அண்டாவை வேறு ஏற்றினார். புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் அது சாயாமல் இருக்க ஒரே இடம், ஸ்பேர் டயர் படுத்திருக்கும் பள்ளம்.

"டயரை இறக்கி வைங்க மாப்ள. ஆண்டவர் பாத்துக்குவாரு."

நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை செய்பவன். சோதிக்காத திருகாணிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனாலும் இறக்கினேன். அவரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

8.00, கோலா பிலா. நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தோம். மூன்று ரிங்கிட்டுக்கு பீசாங் கோரெங் வாங்கிவிட்டார். வாழைப்பழம் அவர் சிறுநீரகத்துக்கு விஷம், பொரித்தாலும் விஷம்தான். பிடுங்கப் போனேன்.

"ஸ்தோத்திரம் சொல்லித்தானே சாப்பிடுறேன்?" என்றார்.

அங்கிருந்து இன்னும் பதினான்கு கிலோமீட்டர். கடைசி மூன்று, செம்மண் பாதை. இருபுறமும் செம்பனை.

9.30. ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்த மாமா இருபது நிமிடம் பேசினார். "எனக்குக் காரு கிடையாது. ஆனா ஆண்டவர் ஒரு நாளும் என்னை நடக்க விட்டதில்ல!" சபை அல்லேலூயா என்றது. அவரைச் சுமந்து வந்த காருக்கு மாதாமாதம் தவணை கட்டுகிற நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

12.25. தோட்டத்தை விட்டு ஒன்பது கிலோமீட்டர் வந்ததும், இடது பின்சக்கரம் வெடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இழுவை வண்டிக்காரரை அழைத்தேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். இருக்கும் இடத்தைச் சொல்வதற்குள் போன் லைனும் போனது.

"கவலைப்படாதீங்க. ஆண்டவர் ஒரு வண்டி அனுப்புவாரு."

"அனுப்பிட்டாரு மாமா! இதோ நிக்குதே, இதுதான் அந்த வண்டி!" என்று கத்தினேன்.

இரண்டு கார்கள் கடந்து போயின. நான் போனை உயர்த்திப் பிடித்து லைன் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாப்ள, கை காட்டல?"

"தெரியாதவங்ககிட்ட எப்படி மாமா கேக்கறது?"

"வாயாலதான்லா."

சொல்லிவிட்டு, வீங்கிய கால்களோடு நடுச்சாலையில் போய் நின்றார். காய்கறி ஏற்றிய சின்ன லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. உள்ளே ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும். சிரம்பான் பாசாருக்குப் போகிறார்களாம். மாமா டயாலிசிஸ் ஊசி குத்தித் தடித்த கையைக் காட்டி, "தோலோங், பாங்" என்று மலாயில் உதவி கேட்டார். அந்த அம்மாள் உடனே நகர்ந்து இடம் விட்டார். ஒருவருக்கு மட்டும்தான் இடம்.

மணி 12.55. ஏறுவதற்கு முன் மாமா என் தலையில் கை வைத்தார். எரிச்சலில் நான் கண்ணைக்கூட மூடவில்லை.

"அப்பா, என் மாப்ள யார்கிட்டயும் கேக்க மாட்டாரு. உங்ககிட்டயும் கேக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து நானே கேக்குறேன். ஆமென்."

லாரி போய்விட்டது. கோபம் மட்டும் கொஞ்ச நேரம் என்னோடு நின்றது. பிறகு அதுவும் இல்லை. சிரம்பானில் என் வீட்டுச் சுவரில் குழாய்க்காரர், மின்சாரக்காரர், பூட்டுக்காரர் என்று எல்லாருடைய எண்ணும் ஒட்டியிருக்கிறது. யாருடைய தயவும் வேண்டாம் என்பதற்காகவே ஒட்டியது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறேன். எதையாவது கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

1.20. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும் சத்தம். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் சாலையில் இறங்கினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.