ஸ்டேஷனில் ஒரு காது குத்து

போன வாரம் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன். பதறாதீர்கள்... நான் எதுவும் செய்யவில்லை. போனது காது குத்துக்கு!

எதிர் வீட்டு மல்லிகா இலங்கை மலைநாட்டில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில், சிறுமியாகப் பெற்றோரோடு கோவில்பட்டிக்கு வந்தார். இப்போது தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. அண்ணன் ராமையா அங்கேயே தங்கி இலங்கைக் குடிமகனாகிவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு!

மல்லிகாவின் மகள் செல்விக்கு வயது ஐந்து. காது இன்னும் மூளி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமனுக்கோ விசா கிடைத்தபாடில்லை. அங்கே குண்டு வெடித்தால் இங்கே சட்டம் இறுகும். வைத்தவன் எங்கேயோ... வரிசையில் நிற்பது தாய்மாமன்! சட்டத்தைத்தான் எப்படிக் குறை சொல்ல? குண்டு வைப்பவன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

"ஒன் ஒன்னுவிட்ட அண்ணன் மடியில வச்சுக் குத்திருவோம்ட்டி" என்று கணவர் சொல்லிப் பார்த்தார்.

"எங்கண்ணன் வரட்டும். அதுவரைக்கும் எம்பிள்ள மூளிக்காதோட இருக்கட்டும்" என்றுவிட்டார் மல்லிகா.

இலங்கையில் போர்நிறுத்தம் வந்தது. பின்னாலேயே விசாவும் வந்தது. ராமையா ஒரு ஜோடி கம்மலும் பை நிறையத் தேயிலையுமாக வந்து இறங்கினார். மறுநாள் காலை பத்தரைக்குள் நல்ல நேரம். வெளிநாட்டுக்காரர் போலீஸில் பதிவு செய்ய வேண்டுமே, அதை முதலில் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கேதான் சிக்கல்.

"இன்ஸ்பெக்டர் ஐயா பாத்துத்தான் பாஸ்போர்ட்டத் தரணும். அவிய பந்தோபஸ்துக்குப் போயிருக்காவ. அதுவரை இங்கன இருங்க" என்றார் ஏட்டு.

மணி பத்தானது. வீட்டில் சொந்தபந்தம் கூடியிருக்கிறது, ஆசாரி காத்திருக்கிறார். மாமனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. இன்று விட்டால் அடுத்த விசா எப்போதோ... மல்லிகாவின் கண் கலங்கியது.

சட்டென்று எழுந்தார். "அண்ணன் வர முடியாட்டா என்ன? நாம போவோம்!"

சீர்த்தட்டு, கேசரி வாளி, ஆசாரி, நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்கு ஊர்வலம் போனோம். ஏட்டு திகைத்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன கல்யாண மண்டபமா?"

"தாய்மாமன் மடி இங்கனதான இருக்கு, அண்ணாச்சி!" என்றார் மல்லிகா.

அவருக்கும் தங்கச்சி பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, மரத்தடியில வச்சுக்கிடுங்க. சீக்கிரம்!"

ராமையா சம்மணமிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் போட்டோவில் மட்டும் பார்த்த மருமகளை மடியில் வாங்கியதும் மனுஷன் உடைந்து அழுதுவிட்டார். அதைப் பார்த்து மல்லிகா சிரிக்கிறார், அழுகிறார், மறுபடி சிரிக்கிறார். நாடுகள் கைகுலுக்கினால் பேப்பரில் படம் வரும். எங்கள் தெருவுக்குக் கம்மல் வந்தது.

ஆசாரி ஊசியை இறக்கினார். செல்வி போட்டாள் பாருங்கள் ஓர் அலறல்!

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி ஓடி வந்தார். "யாருய்யா அது? யாரைப் போட்டு அடிக்கிறீங்க?"

விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நின்றபடியே பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுத்தார். கேசரியும் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது ஏட்டு என் காதோரம் சொன்னார்: "இந்த ஸ்டேஷன்ல அலறல் கேட்டு எல்லாரும் சிரிச்சது இன்னைக்குத்தான், அண்ணாச்சி!"