ராகு காலத்தில் திறக்காத கார்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, என்னுடைய கார் எனக்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னது, என் போன் வழியாக. தமிழில், பெண் குரலில், ரொம்ப மரியாதையாக. அந்த நேரத்தில் என் மனைவி சரோஜா செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் புடவை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்வை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பயங்கள் பழக்கம். கேஸ் சிலிண்டர், லிஃப்ட், ஏரி நிரம்பினால் எங்கள் தெருவுக்கு வரும் வெள்ளம், தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்... நான் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். எண்ணி முடித்தால், சரியாக எண்ணினோமா என்று வந்த தூக்கமும் போய்விடும்.

இப்படிப்பட்டவனுக்கு எங்கள் பெண் வித்யா ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கிக் கொடுத்தாள். அவள் இருப்பது மேடவாக்கத்தில், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில், முதல் மாடி. கார் நிற்பது கீழே பார்க்கிங்கில், சரியாக எங்கள் படுக்கை அறைக்கு அடியில். அதாவது, ஒரு பெரிய பேட்டரிக்கு மேலே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம்.

சத்தமே போடாத வண்டி. ஆஃப் ஆகிவிட்டதா? பூட்டியிருக்கிறதா? மழை பெய்யும்போது சார்ஜ் போடலாமா? ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இறங்கிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். என் முழங்காலைப் பார்த்துவிட்டு டாக்டர் திட்டினார். சரோஜா விஷயத்தை வித்யாவிடம் கொண்டுபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வித்யா ஒரு சின்ன பாக்கெட்டோடு வந்தாள். உள்ளே நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக ஸ்டிக்கர்கள். டேக் என்று பெயராம். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் வெள்ளையில் ஒன்று, பச்சையில் ஒன்று ஒட்டினாள்.

"அப்பா, போனை வெள்ளைக்குப் பக்கத்துல கொண்டு போங்க."

கொண்டு போனேன். போன் ஒரு தடவை அதிர்ந்துவிட்டுப் பேசியது: "கார் பூட்டியிருக்கிறது. சார்ஜ் எழுபத்திரண்டு சதவீதம்."

பச்சையைத் தொட்டால் கீழே பூட்டு திறக்கும், ஏ.சி. ஓட ஆரம்பிக்கும். நாங்கள் படி இறங்கிப் போவதற்குள் சீட் குளிர்ந்திருக்கும். போனில் இதை ஷார்ட்கட் என்கிறார்கள். நாம் ஒரு தடவை தொட்டால் போதும், வரிசையாகப் பல வேலைகளை அதுவே செய்துவிடும். வேண்டுமானால் நாம் நிபந்தனைகூட வைக்கலாம் என்றாள் வித்யா.

நிபந்தனை என்றதும் எனக்கு ஒரு யோசனை.

"ராகு காலம் பார்க்கச் சொல்ல முடியுமா?"

வித்யா என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். "முடியும்ப்பா. ஏழு நாளைக்கு ஏழு நேரம். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்படியே எமகண்டமும் போட்டுடு."

"சரி."

"சந்திராஷ்டமம்..."

"அப்பா! அப்புறம் காரை வித்துட்டு ஒரு காலண்டர் வாங்கி மாட்டிக்கலாம்."

சரோஜா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ராகு காலம் ஒன்றரை, எமகண்டம் ஒன்றரை. ஆக, தினமும் மூன்று மணி நேரம் எங்கள் கார் திறக்காது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இத்தனை வருஷம் நானே கடிகாரத்தைப் பார்த்து, சரோஜாவை விரட்டி, இல்லாவிட்டால் கட்டின புடவையோடு ஹாலில் உட்காரவைத்து, கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தக் கெட்ட பெயர் ஸ்டிக்கருக்கு. கல்யாணத்துக்கு லேட்டாகப் போனால்கூட, "நான் என்ன பண்றது, வண்டி திறக்கலையே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான்கு மாதம் இப்படியே போயிற்று. அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. எட்டு இருபதுக்கு நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது. உருண்டு, நின்றது. எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால், சரோஜா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல... வாயு."

வாயுவுக்கு யாருக்காவது இப்படி வேர்க்குமா? இன்னொரு கை இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தது. தாடையும் வலிக்கிறது என்றாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. எப்படியோ வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தேன். அங்கே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பச்சை ஸ்டிக்கரில் போனை வைத்தேன்.

"இப்போது ராகு காலம். ஒன்பது மணிக்குப் பிறகு முயற்சி செய்யவும். நன்றி."

நன்றி!

மறுபடி வைத்தேன். மறுபடி நன்றி. திருப்பி வைத்தேன், அழுத்தி வைத்தேன், தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பெண், அதே நிதானம். அவளுக்கென்ன அவசரம்?

போன் இல்லாமலே காரைத் திறக்க, கம்பெனிக்காரர்கள் கொடுத்த கார்டு சாவி ஒன்று உண்டு. தொலைந்துவிடப் போகிறதே என்று நான்தான் அதை பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டியிருந்தேன். லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்பது சரோஜாவுக்குத்தான் தெரியும். கேட்டேன். கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கை காட்டியது பூஜை அலமாரியையா, சமையலறையையா?

வித்யாவுக்குப் போன் போட்டேன். மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் ஹாரன்.

"ஆப்புக்குள்ள போய்த் திறங்கப்பா! சிவப்பா இருக்கும்!"

"சிவப்பா நாலு இருக்கும்மா!"

"கார் படம் போட்டது!"

தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, என் விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்து எழுத்தில் விழுந்தது. 'தவறு' என்றது திரை. சரோஜாவின் தலை சுவரிலிருந்து நழுவி செருப்பு ஸ்டாண்டில் சாய்ந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். உண்மைதான். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போது நினைவுக்கு வரவில்லை. கீழே நிற்கிற கார் மட்டும்தான் கண் முன்னால் நின்றது. வித்யாவை லைனிலேயே அந்தரத்தில் விட்டுவிட்டு மறுபடி பச்சையைத் தொட்டேன். நன்றி.

எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. அன்வர் பாய். கீழ்க்கட்டளையில் பைப், டேப் கடை வைத்திருக்கிறார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கையில் டிபன் பாக்ஸ்.

"இன்னா சார், அந்தம்மா ராகு காலம் ராகு காலம்னு கூவிக்கினே இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர் சரோஜாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. டிபன் பாக்ஸைத் தரையில் வைத்தார்.

"அக்கா... அக்கா, கண்ணைத் திறங்க. சார், அந்தப் பக்கம் புடிங்க."

"கார் திறக்கலை பாய்..."

"அத்த வுடுங்க சார். நம்ம வண்டி கீது. நேரம் காலம் எதுவும் தெரியாத வண்டி. பெட்ரோல் இருந்தா போவும்."

பாயின் பழைய வேனில் பாதிக்கு மேல் பைப் அடுக்கியிருந்தது. நடு சீட்டில் சரோஜாவைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் தலைக்கு மேலே பைப் முனைகள் ஆடிக்கொண்டே வந்தன. அவை விழுமோ என்று ஒரு பயம். கேம்ப் ரோடு சிக்னலில் எதிர்ப்பக்கமாக ஏறி ஓட்டினார் பாய். அதற்கு ஒரு பயம். மடியில் இருப்பவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். இதற்கு நடுவில் கடிகாரத்தையும் பார்த்தேன்... எட்டு நாற்பது. ராகு காலத்தில் கிளம்பிவிட்டோமே என்று ஒரு பயம். ஆமாம், அப்போதுகூட.

எமர்ஜென்சியில் இளம் டாக்டர் ஒருத்தி. ஈ.சி.ஜி. பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எப்ப ஆரம்பிச்சது?"

"எட்டு இருபது" என்றேன். நேரம் சொல்வதில் நான் தவறுவதில்லை.

"ஏழே முக்கால்" என்றாள் சரோஜா, கட்டிலிலிருந்து.

டாக்டர் நிமிர்ந்தாள். "அரை மணி நேரத்துக்கு மேல என்னம்மா பண்ணீங்க?"

"சட்னி அரைச்சேன்."

அதற்குமேல் பேச விடவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே நானும் பாயும். கொஞ்ச நேரத்தில் வித்யா வந்து சேர்ந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. எண்ணுவதற்கு எனக்கு எதிரே சுவர் டைல்ஸ் இருந்தது. எண்ண முடியவில்லை. ஐந்துக்கு மேல் எண்ணிக்கை நிற்கவில்லை.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரைச் சீட்டை வித்யாவிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். ராகு காலம் பார்க்கிற நம் ஜனங்கள் அதை அப்படியா பார்க்கிறோம்? ஊருக்குப் போகிற நேரம் சரியில்லையென்றால், நல்ல நேரத்திலேயே பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம்... கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு! ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? நாம் பயப்படுவோம். பயந்துகொண்டே ஒரு வழியும் கண்டுபிடித்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், சரோஜாவுக்குத் தெரியும், வித்யாவுக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருவரும் அதைக் காருக்குச் சொல்லவில்லை.

இப்படி ஒரு தத்துவத்தோடு இந்த வாரப் பக்கத்தை முடித்திருப்பேன். வார்டில் சரோஜாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்.

"ஏழே முக்காலுக்கே என்கிட்ட ஏன் சொல்லலை?"

கையில் ட்ரிப்ஸ் ஊசியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒம்பது வரைக்கும் வண்டி திறக்காதுன்னு தெரியுமே. ஒம்பதுக்கு மேல சொல்லலாம்னு இருந்தேன்."

"பைத்தியமா நீ? ஆட்டோ இல்லையா? பாய் இல்லையா?"

"இருந்தாங்க. அவங்களுக்கு முன்னாடி நீங்க இருந்தீங்களே." நிதானமாகத்தான் சொன்னாள். "சொன்ன உடனே உங்க முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குச் சமாதானம் சொல்லணும். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொல்லணும். வலியை வெச்சுக்கிட்டு அதையும் பண்ண என்னால முடியலை. அதான் சட்னி அரைச்சேன்."

வித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தேன். நெஞ்சு வலிக்கும்போது, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல ஒருத்தி பயந்திருக்கிறாள். அந்த ஆள் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பக்கத்திலேயே இருப்பவன். என் பட்டியலில் எத்தனையோ பயங்கள் உண்டு. இது இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே வித்யாவை உட்காரவைத்து ராகு காலத்தையும் எமகண்டத்தையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். லாக்கரில் இருந்த கார்டு சாவி இப்போது வாசல் ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணிக்கு, நல்ல ராகு காலத்தில், பச்சை ஸ்டிக்கரில் போனை வைத்துப் பார்த்தேன். கீழே 'டக்' என்று கார் திறந்தது. பகீரென்றது. உடனே பூட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் சமையலறையில் கரண்டி விழுந்தால் ஓடுகிறேன். எதுவும் விழாமல் அமைதியாக இருந்தாலும் ஓடுகிறேன். "ஏதாவது பண்ணுதா? வலிக்குதா? மறைக்காம சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வாசற்படியில் நிற்கிறேன்.

நேற்று சரோஜா தோசைக் கரண்டியோடு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ராகு காலத்தைக் கார்ல இருந்து எடுத்தாச்சு. உங்க மூஞ்சியில இருந்து எப்ப எடுக்கப் போறீங்க?"